மூன்று விரல்

புத்தளம்,
12.01.1982

அன்புத் தங்கச்சி றாஹிலாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஊரிலிருந்து பத்திரமாக வந்து சேர்ந்தேன். நானும் உன் மதினி ஸகியாவும் அல்லாஹ்வின் கிருபையால் குறையில்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும், தறியோடு மல்லுக்கட்டும் மச்சான் முகைதீன்பாவாவும், மருமகள் நதீராவும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும்.

விடுமுறைக்கு வந்தவன் நீ ஆக்கிய இறால் ஆணத்தைத் தொடாமல் தயிரும் சோறும் தின்றுவிட்டுப் போனேன் என்று உனக்குக் கோபம். காரணத்தை அப்போது சொல்ல வாய்க்கவில்லை. கொச்சிக்காய் உறைப்பு குடலை அரிக்கிறது என்று வெளிநாட்டு டொக்டர்மார் ஆராய்ச்சி செய்து கண்டிருக்கிறார்கள். பத்திரிகையில் வந்த துண்டை வெட்டி வைத்திருக்கிறேன். நம்முடைய ஊரில் கொச்சிக்காய்க்குத்தான் கொஞ்சம் கறி போடுகிறோம். நதீராவுக்காவது அந்தப் பழக்கத்தை மாற்று.

இன்னொன்று. குப்பி விளக்கை வாயால் ஊதி அணைக்காதீர்கள். ஊதும்போது கிருமி பறக்கிறது, புகையும் நெஞ்சுக்குள் போகிறது. திரியைக் கீழே இறக்கினால் தானாகவே அணையும். இந்த வீட்டில் இப்போது அப்படித்தான்.

நீ தந்துவிட்ட பாக்கு இன்னும் கொஞ்ச நாளைக்குக் காணும். நம் வளவுப் பாக்குக்கு இங்குள்ளது கிட்டவும் வராது.

மச்சானுக்கும் மருமகளுக்கும் ஸலாம்.

உன் காக்கா,
ஜவுபர்


மருதமுனை,
30.01.1982

அன்புள்ள காக்காவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். நாங்கள் எல்லோரும் சுகம். உங்கள் சுகத்தையும் மதினியின் சுகத்தையும் ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன்.

உங்கள் கடிதத்தைச் சத்தமாக வாசித்தேன். மச்சான் தறியை நிறுத்திவிட்டுக் கேட்டார். "மாஸ்டர் அடுத்த கடுதாசில மூச்சு விடுறதும் கூடாதெண்டு எழுதப் போறார்" என்றார். நதீரா உங்கள் சொல்லுக்காகத் திரியை இறக்கி இறக்கி, எண்ணெய்க்குள்ளேயே விழுத்திவிட்டாள். அதை எடுக்க நான் பட்டபாட்டுக்கு எந்த வெளிநாட்டு டொக்டரும் மருந்து கண்டுபிடிக்கவில்லை.

அவள் உங்கள்மேல் ஒரு குறையும் சொல்கிறாள். முன்பெல்லாம் கடற்கரை றோட்டில் திரும்பும்போதே விசில் அடிப்பீர்கள், இவள் ஓடுவாள். இந்த முறை கேற்றைத் தட்டினீர்கள். "குமராகிட்டன் எண்டு மாமாக்கு வெக்கமாம்மா?" என்று கேட்கிறாள்.

குமர்தான் காக்கா, கட்டிக் கொடுக்கிற வயது. சம்மாந்துறையிலிருந்து ஒரு இடம் வந்திருக்கிறது. பக்கீர் முகைதீன் போடியாரின் மகன் றஸாக். வயல் இருக்கிறது, உழவு மெசின் இருக்கிறது, எல்லாவற்றையும்விடப் பொடியன் மரியாதையானவன். சித்திரை விடுமுறையில் நாங்கள் வெற்றிலையும் பாக்கும் அடுக்கிய வட்டாத் தட்டம் கொண்டு போக வேண்டும். நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியாததல்ல. வட்டாவை மாமாதான் சபையில் வைக்க வேண்டும். முதல் வாய் வெற்றிலையை அவர்தான் போட வேண்டும், பிறகுதான் கதை. குலம் தாய்வழிதானே, பிள்ளைக்கு என் குடி, எனக்கு உம்மாவின் குடி. அந்தக் குடியில் என்னோடு கூடப்பிறந்த ஆம்பிளை நீங்கள் ஒருவர்தான்.

நம் அயலவர் கந்தப்போடி உப்பு ஏற்ற லொறியோடு புத்தளம் வருகிறார். அவர் கையில் பாக்கும் புகையிலையும், நீங்கள் உடுக்க மச்சான் நெய்த சாரன் ஒன்றும் அனுப்பியிருக்கிறேன்.

வரும் நாளை எழுதுங்கள்.

உங்கள் தங்கச்சி,
றாஹிலா


புத்தளம்,
24.02.1982

அன்புத் தங்கச்சிக்கு,

ஸலாம். உன் கடிதம் கண்டு மனம் குளிர்ந்தது. எங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்கள் சுகத்துக்கு அல்லாஹ் பொறுப்பு.

இடம் நல்ல இடமாகத் தெரிகிறது. நதீராவுக்கு என் துஆ உண்டு. ஆனால் சித்திரையில் என்னால் வர முடியாது. புலமைப்பரிசில் வகுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். பெரியம்மாவின் மகன் கச்சிமுகம்மதுவும் நம் குடிதான். அவனை வட்டா தூக்கச் சொல்.

உப்பைக் குறையுங்கள். இரத்த அழுத்தத்துக்கு அதுதான் காரணம் என்று இப்போது எல்லா நாட்டு டொக்டர்மாரும் சொல்கிறார்கள். மச்சான் கருவாடும் சோறுமாக வாழ்கிறவர், அவருக்கு இதை இரண்டு முறை வாசித்துக் காட்டு. அதிகம் கதைக்காமல் இருப்பதும் நெஞ்சுக்கு நல்லதாம். நான் இப்போது வகுப்பில் பாடத்தைக் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டு உட்கார்ந்து விடுகிறேன். பிள்ளைகளும் அமைதியாகப் படிக்கிறார்கள்.

கந்தப்போடி வந்தார். சாரன் நல்ல நிறம். பாக்குக்கு உன் கைக்குத்தான் சொல்ல வேண்டும்.

காக்கா,
ஜவுபர்


மருதமுனை,
14.03.1982

காக்காவுக்கு,

ஸலாம். நாங்கள் சுகம். நீங்களும் சுகம் என்று எழுதியிருந்தீர்கள், சந்தோசம்.

எனக்குக் கோபம் காக்கா. மறைக்கவில்லை. உப்பைப் பற்றியும் கருவாட்டைப் பற்றியும் வாசிக்க உங்களுக்கு நேரம் இருக்கிறது. பிள்ளை இல்லாத உங்களுக்குப் பிள்ளையாக இருந்தவளின் காரியத்துக்கு நேரம் இல்லை. கூடப்பிறந்த மாமா உயிரோடு இருக்கும்போது கச்சிமுகம்மது வட்டா தூக்கினால் சம்மாந்துறையார் என்ன நினைப்பார்கள்? காக்காவுக்கும் தங்கச்சிக்கும் கோபம் என்று நினைப்பார்கள். இப்போது அது உண்மையும் ஆகிவிட்டது.

கந்தப்போடி திரும்பி வந்து ஒரு கதை சொன்னார். "மாஸ்டர் என்ன அப்பிடி மாறிட்டார்? சிரிக்கிறார், ஆனா வாய் திறபடுதில்ல. தேத்தண்ணிய பீரிஸ் தட்டில ஊத்தி உறிஞ்சிறார். கதைச்சா பல்லுக்குள்ளால கதைக்கிறார்" என்றார். பல் வலியா? பல் என்றால் புடுங்கிப் போடுங்கள். அதற்கும் ஒரு ஆராய்ச்சி வந்திருக்கும்.

சித்திரை முதல் கிழமை வரை பார்த்திருப்பேன். கல்முனை பஸ் நிலையத்துக்கு மச்சானை அனுப்பட்டுமா, இல்லையா என்று மட்டும் எழுதுங்கள்.

றாஹிலா


மருதமுனை,
08.05.1982

அன்புள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மார்ச்சில் எழுதியதற்குப் பதில் இல்லை. கோபத்தில் எழுதியது உங்களைச் சுட்டுவிட்டதா, தபால் எங்கேயும் கிடக்கிறதா தெரியவில்லை. சுகமாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். நினைத்தாலும் மனம் ஒரு இடத்தில் நிற்கவில்லை. சோறு வடிக்கப் போனால் கேற்றில் சத்தம் கேட்ட மாதிரி இருக்கிறது.

வட்டா போய்ச் சேர்ந்துவிட்டது. கச்சிமுகம்மதுதான் வைத்தார். மாப்பிள்ளையின் உம்மா, உம்மு என்று பெயர், நாங்கள் போனவுடன் "மாமா எங்க?" என்று கேட்டாள். பாடசாலை வேலை என்றேன். சரி என்றுதான் சொன்னாள், ஆனால் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். ஹஜ்ஜுப் பெருநாள் கழித்து நிக்காஹ் என்று பேசியிருக்கிறது.

இனி நானும் உங்களுக்கு ஒரு ஆராய்ச்சி சொல்கிறேன். போன கிழமை றேடியோவில் ஒரு டொக்டர் கதைத்தார். வெற்றிலை போடுகிறவர்கள் வீட்டிலேயே வாயைச் சோதிக்கலாமாம். நடு மூன்று விரலையும் சேர்த்து, ஒன்றன்மேல் ஒன்றாக வருகிற மாதிரி மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் இடையில் வைத்துப் பார்க்க வேண்டும். நுழைந்தால் பயமில்லையாம். மச்சானுக்குத் தறிக்காரன் விரல், தடித்த விரல், அதுவே லேசாகப் போனது. நதீராவுக்கு நாலு விரல் போகும், அவ்வளவு வாய். கச்சிமுகம்மதுவுக்குப் பல்லே இல்லை, கணக்கில் சேர்க்கவில்லை. எனக்கு மூன்றும் போனது, கொஞ்சம் இறுக்கமாக.

விளையாட்டாகத்தான் தொடங்கினோம். பிறகு உம்மாவின் நினைவு வந்தது. கன்னத்துப் புண்ணோடு கடைசி வருசம் அவ கிடந்ததும், மௌத்து வீட்டில் "அது அந்தக் குடியில உள்ளது" என்று பெண்கள் குசுகுசுத்ததும் நினைவு வந்தது.

உங்களுக்கு எத்தனை விரல், காக்கா?

றாஹிலா


புத்தளம்,
30.05.1982

அன்புத் தங்கச்சிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பதில் பிந்தியதற்குக் குறை நினைக்காதே, பரீட்சைத் தாள் குவிந்து கிடந்தது. எனக்கும் ஸகியாவுக்கும் சுகத்துக்குக் குறைவில்லை. நிக்காஹ் பேசியது கேட்டு அல்லாஹ்வுக்கு சுக்ர் செய்தேன்.

பப்பாசிப்பழம் நன்றாகச் சாப்பிடுங்கள். கண்ணுக்கும் வயிற்றுக்கும் நல்லது. நாற்பது வயதுக்கு மேல் கட்டியான சாப்பாடு தேவையில்லை என்றும், கஞ்சியும் கூழுமே உடம்பில் சேர்கிறது என்றும் ஒரு கட்டுரையில் பார்த்தேன். காலையில் வெறும் வயிற்றில் தண்ணீர். மாலையில் கடற்கரையில் நடை. இடப்பக்கம் சரிந்து படுக்க வேண்டாம், வலப்பக்கம் நல்லது, நம் மார்க்கமும் அதைத்தான் சொல்கிறது. வெயிலில் போய் வந்தவுடன் குளிக்காதீர்கள். கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். இவ்வளவையும் செய்தால் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கத் தேவையில்லை.

நதீராவுக்கு நான் அனுப்பும் சேலை கந்தப்போடியின் கையில் வரும்.

காக்கா,
ஜவுபர்


மருதமுனை,
17.06.1982

காக்காவுக்கு,

ஸலாம். நாங்கள் சுகம்.

உங்கள் கடிதத்தைத் திருப்பித் திருப்பி வாசித்தேன். பப்பாசி இருக்கிறது, கிணறு இருக்கிறது, எந்தப் பக்கம் சரிந்து படுப்பது என்றுகூட இருக்கிறது. நான் கேட்ட ஒன்று மட்டும் இல்லை.

டொக்டர் சொன்னதில் பாதியை நான் வேண்டுமென்றே எழுதவில்லை. எழுதினால் உஷாராகி விடுவீர்கள். மற்றப் பாதி இதுதான்: உறைப்புப் பட்டால் வாய் எரியுமாம். கன்னம் உள்ளே பலகை மாதிரி இறுகுமாம். ஊத முடியாதாம், விசில் அடிக்க முடியாதாம். நாக்கை நீட்ட முடியாமல் கதையும் குழறுமாம்.

அதைக் கேட்டு முடிந்ததும் உங்கள் பழைய கடிதங்களை எடுத்துத் திரும்ப வாசித்தேன். அதன் பிறகுதான் உங்களிடம் விரலைக் கேட்டேன். கொச்சிக்காய் குடலை அரிக்கிறது என்றீர்கள், உங்களுக்கு வாய் எரிந்திருக்கிறது. விளக்கை ஊதாதே என்றீர்கள், உங்களால் ஊத முடியவில்லை. கதையைக் குறைக்கச் சொன்னதும் கஞ்சி குடிக்கச் சொன்னதும் எங்களுக்கு இல்லை. இத்தனை நாட்டு டொக்டர்மாரும் சேர்ந்து ஒரே ஒரு ஆளைத்தான் ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். மாமா விசில் அடிக்காதது வெட்கத்தாலா என்று என் பிள்ளை கேட்டாளே, அவளுக்கு நான் என்ன சொல்ல?

வட்டா தூக்க வராததும் இப்போது விளங்குகிறது. சபையில் வாயைத் திறக்க வேண்டும்.

கந்தப்போடி வருகிறார். இந்த முறை பார்சலில் பாக்கு இல்லை. இனி ஒருபோதும் இருக்காது. எத்தனை விரல் என்று எழுதுங்கள். வேறு ஒன்றும் எழுத வேண்டாம்.

றாஹிலா


புத்தளம்,
02.07.1982

அன்புள்ள றாஹிலா மச்சிக்கு,

ஸகியா எழுதிக்கொள்வது. ஸலாம். உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் துஆ செய்கிறேன். எங்கள் சுகத்தைப் பற்றிப் பொய் எழுத நோன்போடு எனக்கு மனம் வரவில்லை.

நான் எழுதக்கூடாது என்று அவர் சத்தியம் வாங்கியிருந்தார். உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்த பிறகு, சத்தியத்தை முறித்து எழுதுகிறேன். நோன்பு திறக்கக் கஞ்சியைத் தேக்கரண்டியின் நுனியால் ஊற்ற வேண்டியிருக்கிறது. பேரீச்சம்பழத்தைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கிறேன். அப்படி இருந்தும் கஞ்சி குடித்தவுடன் பாக்கைச் சீவல் சீவலாக வெட்டிக் கன்னத்தில் அடக்கிக்கொள்கிறார். கேட்டால் கோபம் வருகிறது.

இங்குள்ள டொக்டர் மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதிக் கொடுத்துப் பல மாதம் ஆகிறது. இவர் போகவில்லை. பயம் ஒரு பக்கம். ஆனால் அவர் சொல்கிற காரணம் வேறு. "உம்மாக்கு வந்த வாய் வருத்தம் எனக்கும் எண்டு தெரிஞ்சா, அது எங்கட குடிட வருத்தம் எண்டுதான் சம்மாந்துறையில கதைப்பாங்க. நதீராவும் அந்தக் குடிதானே. நிக்காஹ் முடியட்டும், மறுகா போறன்" என்கிறார்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இன்னும் எவ்வளவு நாள் கிடக்கிறது மச்சி. நான் ஒரு பெண் தனியாக என்ன செய்வேன்?

ஸகியா


மருதமுனை,
11.07.1982

என் காக்காவுக்கு,

ஸலாம். எங்கள் சுகத்துக்கு ஒன்றுமில்லை. உங்கள் சுகம் எனக்குத் தெரிந்துவிட்டது. மதினியைக் கோபிக்காதீர்கள். கோபித்தால் நான் உங்களோடு கதைக்க மாட்டேன்.

என் மகளின் கலியாணத்தை உங்கள் வாய்க்குள் ஒளித்து வைத்திருக்கிறீர்கள். யாரைக் கேட்டு? அந்தக் கடிதம் வந்ததும் அழுதேன். அழுது முடிந்ததும் உங்களை அடிக்க வேண்டும் போல் இருந்தது.

அடுத்த நாளே நோன்போடு மச்சானையும் கூட்டிக்கொண்டு சம்மாந்துறைக்குப் போனேன். உம்முவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "ஒங்கட உம்மாக்கும் இதானே வந்த?" என்று கேட்டாள். ஓம் என்றேன். "அப்ப குடில ஓடுற வருத்தம்தானே?" என்றாள். அலுமாரிக்கு மேலே அவர்களுடைய வட்டா இருந்தது. நான் அதைக் காட்டினேன். "குடில ஓடுறது வருத்தமில்ல ராத்தா, அதில வைக்கிற பாக்குத்தான் ஓடுற. உம்மா மகனுக்குக் குடுத்தா. உம்மா போன மறுகா நான் லொறியில அனுப்பினன்" என்றேன்.

உம்மு வட்டாவைத் திரும்பிப் பார்த்தாள். "மகன்ட வாப்பாட்ட கதைச்சிட்டுச் சொல்லி அனுப்புறன்" என்றாள். அவ்வளவுதான். ஒருவேளை இந்தச் சம்பந்தம் போகும். நதீராவிடமும் அப்படித்தான் சொன்னேன். அவள் தறிக்குப் பாவு ஓடிக்கொண்டிருந்தவள், நூலை விடாமலே சொன்னாள். "மாமா வாய மூடிக்கிட்டு இரிந்தாத்தான் எனக்கி மாப்புள வருமெண்டா, அந்த மாப்புள வேணாம்மா."

ஆகவே காக்கா, ஒளிக்க இனி உங்களிடம் ஒன்றும் இல்லை. எத்தனை விரல்?

றாஹிலா


புத்தளம்,
19.07.1982

றாஹிலாவுக்கு,

ஸலாம்.

ஒன்று. அதுவும் சின்ன விரல்.

நீ மே மாதம் கேட்ட அன்றே கண்ணாடிக்கு முன்னால் நின்று பார்த்தேன். நடுவிரலை வைத்தேன், பல் இடித்தது. மற்ற விரலை வைத்தேன். கடைசியில் சின்ன விரல் போனது. பிறகு மேசையில் உட்கார்ந்து உனக்குப் பப்பாசியைப் பற்றி எழுதினேன். எழுதும்போது என் கை நடுங்கவில்லை என்பதுதான் எனக்கு வெட்கம்.

இடக்கன்னத்தின் உள்ளே வெள்ளையாக ஒரு தடிப்பு இருந்தது. நோன்புக்கு முன் அது வெடித்துவிட்டது. நோவு இல்லை. உம்மாவும் முதலில் நோவில்லை என்றுதான் சொன்னா. அதனால்தான் எனக்கு அதிகம் பயம். நதீராவின் கலியாணத்தைச் சொன்னது பொய் இல்லை, ஆனால் அது முழு உண்மையும் இல்லை. அதற்குப் பின்னால் போய் நின்றுகொள்வது எனக்கு வசதியாக இருந்தது. நீ அதையும் எடுத்துவிட்டாய்.

பாக்கை நிறுத்திவிட்டேன் என்று எழுத ஆசை. நேற்றுத்தான் நிறுத்தினேன். உன் பாக்கில் மிச்சமிருந்ததை ஸகியா கிணற்றடியில் புதைத்தாள். முளைக்கப் போகிறது என்று சொன்னேன், அவள் சிரிக்கவில்லை.

இந்த வாயைப் பற்றியும் பத்திரிகையில் ஒரு துண்டு வந்திருந்தது தங்கச்சி. போன வருசமே வந்தது. அதை மட்டும் நான் வெட்டி வைக்கவில்லை.

மகரகமைக்குத் தனியாகப் போக எனக்குத் தைரியம் இல்லை.

ஜவுபர்


மருதமுனை,
24.07.1982

காக்கா,

நேற்றுப் பெருநாள். வட்டிலப்பம் அவித்தேன், யாருக்கும் இறங்கவில்லை. மச்சான் தறியில் ஓடுகிற சாரனைப் பாதியில் கட்டி வைத்துவிட்டார். கந்தப்போடி நாளை லொறியைப் புத்தளத்துக்கு எடுக்கிறார், முன் இருக்கையில் நானும் மச்சானும் வருகிறோம். நதீரா கச்சிமுகம்மதுவின் வீட்டில் நிற்பாள். உங்களையும் மதினியையும் கூட்டிக்கொண்டு மகரகமைக்குப் போவோம். டொக்டர் தந்த துண்டை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அவர்கள் வாயைத் திறக்கச் சொல்வார்கள், எவ்வளவு திறக்குமோ அவ்வளவு திறந்தால் போதும். மிச்சத்தை நான் கதைத்துக்கொள்கிறேன்.

சம்மாந்துறையிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. வந்தால் வரட்டும்.

இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வர முன்னரே நான் கேற்றடிக்கு வந்துவிடுவேன். ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை, எழுதுகிறேன். சுகமா என்று இதில் கேட்கவில்லை காக்கா. நான் கேட்பேன், நீங்கள் சுகம் என்று எழுதுவீர்கள், நானும் நம்புவேன். இவ்வளவு நாளும் அப்படி நடந்தது போதும். விரலைக் கொண்டு நேரில் வருகிறேன்.

றாஹிலா